கீழ்வீட்டுக்கு அவள் வரட்டும்

மார்ச் 4, செவ்வாய்

ஓரகத்தி மகளோடு வந்திருந்தாள். என் மகனுக்கு இரண்டரை வயது, அவள் மகள் அவனுக்கும் இரண்டு மாதம் இளையவள். ஆனால் வாய் ஓயவில்லை. "பெரிம்மா, பஸ் போச்சு! இன்னொண்ணு வருது!" என் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ம்... ம்..."

மாமியார் சொன்னார்: "இவ பேச்சுல பாதிய அவனுக்குக் கடன் குடுக்கச் சொல்லு." எல்லாரும் சிரித்தார்கள். நானும். வயிறு எரிந்தது.

மார்ச் 6

அந்தச் செய்தியைப் படித்திருக்கவே வேண்டாம். கர்ப்பிணிகள் சுவாசிக்கும் வாகனப் புகைக்கும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கும் தொடர்பு இருக்கலாமாம். 'இருக்கலாம்' — அந்த ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குகிறேன். இருவரும் ஒரே சமயத்தில்தான் சுமந்தோம். அவள் ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவில். நான் பஸ் டிப்போவுக்கு எதிரில், துடைக்கத் துடைக்கக் கரி படியும் இந்த வீட்டில். காற்றில்கூடவா அவளுக்கு ஒரு பங்கு கூடுதல்?

மார்ச் 11

டாக்டர்: "புகையாலதான்னு ஒரு பிள்ளையப் பாத்து சொல்ல முடியாதும்மா. காது நல்லா கேக்குது. பேச்சுப் பயிற்சி ஆரம்பிப்போம்."

மார்ச் 15

அவளுக்கு மறுபடி நாள் தள்ளிப்போயிருக்கிறது. எங்கள் கீழ்வீடு காலியாக இருக்கிறது, அதில் குடிவரப் போகிறார்களாம். மாமியார் எங்களோடுதானே இருக்கிறார். "அத்தை பக்கத்துலயே இருப்பாங்கல்ல அக்கா!" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. வரட்டும். அவளும் இந்தக் காற்றைக் கொஞ்சம் குடிக்கட்டும்.

சீ. என்ன எழுதிவிட்டேன்! அந்த வரியை அடித்துவிட வேண்டும்.

மார்ச் 16

அடிக்கவில்லை.

மார்ச் 19

கீழ்வீட்டைப் பார்க்க வந்தாள். ரோட்டுப் பக்கத்து அறையில் நின்று, "தொட்டில இங்க போட்டா வெளிச்சமா இருக்கும், இல்லக்கா?" என்றாள்.

"இங்க வராதடி. பிள்ள பொறக்கிற வரைக்குமாவது வராத."

ஏன் என்றாள். டிப்போவைக் காட்டினேன். படித்ததைச் சொன்னேன்.

"நீங்க மாசமா இருந்தப்ப இங்கதானே இருந்தீங்க?"

"அதனாலதான் சொல்றேன்."

அவள் திரும்பி என் மகனைப் பார்த்தாள். ஐயோ, அந்தப் பார்வை! இதற்குப் பயந்துதானா இத்தனை நாள் வாயை மூடியிருந்தேன்? என் பிள்ளைக்குக் குறை என்று நானே சொன்னதாகிவிட்டதே.

மார்ச் 27

அவர்கள் வரவில்லை. மாமியார் போனில் யாரிடமோ: "மூத்தவளுக்குப் பொறுக்கல. பொறாமை, வேறென்ன!"

பொறாமைதான். இல்லையென்று எந்த வாயால் சொல்வேன்?

சாயங்காலம் வேறொரு தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஆறேழு மாதம் இருக்கும். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவளிடமும் சொல்லக் கீழே இறங்கினேன்.