நாலே முக்கால் அடி

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கடிதம் என்றால் அப்படிக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கேட்டுவிட்டேன்.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் சரி சரி, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுகிறீர்கள். இதை அப்படி வைக்க முடியாது. உங்களோடு வேலை பார்க்கும் வெல்டர் விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறார். அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் கடைசி வரி வரைக்கும் படிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அவரும் தலையாட்டியிருக்கிறார்.

விஷயம் டிராக்டர்தான். வேறென்ன.

இரண்டு மாதமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் கேட்கவில்லை. நம் இரண்டரை ஏக்கருக்கு எந்த வண்டி சரியாக வரும் என்று மூன்று ஷோரூம் ஏறி இறங்கினேன். ஒருவர் ஒரு விலையைச் சொல்வார், அதில் பதிவுச் செலவு இருக்காது. இன்னொருவர் எல்லாம் சேர்த்து என்பார், கடைசிப் பக்கத்தில் பார்த்தால் பின்னால் மாட்டி உழுகிற ரோட்டவேட்டருக்குத் தனி விலை. எல்லோரிடமும் எழுதித்தான் வாங்கினேன். வாயால் சொன்ன விலையை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்துத் தோட்டத்து நர்சரிக்காரர் அண்ணனிடம் போய் யோசனை கேட்டேன். மொதல்ல எது நுழையும்னு பாரும்மா, அப்புறம் எது இழுக்கும்னு பாக்கலாம் என்றார். சொன்னதோடு விடாமல் தன்னுடைய சின்ன டிராக்டரை அரை நாள் நம் தோட்டத்துக்கே அனுப்பிவைத்தார்.

நான்தான் ஓட்டினேன். எலுமிச்சையில் நாலு வரிசை உழுதேன். இரண்டு பக்கமும் அரை அடி இடம் விட்டு, ஒரு கிளையைத் தொடாமல், ஒரு சொட்டுநீர்க் குழாயை மிதிக்காமல் போய்த் திரும்பினேன். இறங்கும்போது என் கை நடுங்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று பின்னால் சொல்கிறேன்.

அதே மாதிரிதான் கேட்டேன். இருபத்துநாலு எச்பி, நாலு சக்கரமும் இழுக்கும், அகலம் மூணே முக்கால் அடி. மணிக்கு இரண்டு லிட்டர் டீசல் போதும். ஐந்து லட்சத்து அறுபதாயிரம் சொன்னார்கள். மேற்கூரை எனக்கு வேண்டாம், மரத்தடியில் அது இடிக்கும், அதன் விலையைக் கழியுங்கள் என்றேன். கழிக்க முடியாது என்றார்கள். அப்படியானால் அதற்குப் பதிலாக முன்பக்கம் தூக்காமல் இருக்க மாட்டுகிற எடைக்கட்டிகளைக் கொடுங்கள், முதல் மூன்று சர்வீஸுக்கு மெக்கானிக் தோட்டத்துக்கே வரவேண்டும் என்று ஒரு மணி நேரம் நின்றேன். கடைசியில் விற்பனையாளர் எழுதிக் கொடுத்தார். கையெழுத்தும் போட்டார். அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைக்கும்போது உங்களிடம் சொன்னால் பரவாயில்லையே என்பீர்கள் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

முன்பணம் கட்டுவதற்காகத் திங்கட்கிழமை போனேன். அந்த விற்பனையாளர், எதற்கும் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம் என்று உங்களுக்குப் போன் போட்டார். மேசைமேல் ஸ்பீக்கரில் வைத்துத்தான் பேசினார். உங்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பீர்களோ என்னவோ.

முற்றத்தில் நாற்பத்தேழு எச்பி வண்டி ஒன்று நிற்கிறது, எழுபதாயிரம் சேர்த்தால் போதும், இரண்டு மடங்கு சக்தி என்றார் அவர். நீங்கள் உடனே மலர்ந்துவிட்டீர்கள். கிரேன் ஓட்டுகிற ஆளுக்கு உலகத்தில் எல்லாமே சின்னதாகத்தான் தெரியும் போலிருக்கிறது. வரிசைக்கு நடுவில் எவ்வளவு இடம் என்று அவர் கேட்டார். பதினைந்து அடி என்று பட்டென்று சொன்னீர்கள். நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். அதற்குள் அவர், வீட்டம்மா சின்ன வண்டிதான் ஓட்ட வசதி என்கிறார்களே என்றார். அப்போது நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவளா ஓட்டப் போறா? ஆள் வச்சுக்கலாங்க. நான் வந்தா நான் ஓட்டுவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு ஷோரூம் முழுக்கக் கேட்டது. பில் போடுகிற பெண் எனக்காகத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் எழுந்து அந்தப் பெரிய வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கிளட்ச்சில் என் கால் நுனிதான் பட்டது. முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டால் எட்டும் என்றார் அந்த மகராசன். வண்டியின் தகட்டைப் பார்த்தேன், போன வருடத் தயாரிப்பு. ஒரு மழைக்காலம் முழுக்க முற்றத்தில் நனைந்திருக்கிறது, டயர் ஓரம் வெடித்திருக்கிறது. விற்காத சரக்கை உங்கள் தலையில் கட்டுகிறார்கள். அதைச் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்து போன் போட்டால், முன்பணத்தை அங்கிருந்தே அனுப்பிவிட்டதாகச் சொன்னீர்கள், என்னவோ எனக்குப் பரிசு கொடுத்த மாதிரி.

கிளை இடிக்கும் என்றேன். வெட்டிவிடு என்றீர்கள். காய் பிடிப்பதே அந்தப் பக்கக் கிளையில்தான், அதை வெட்டிவிட்டு வண்டியையா விற்றுச் சாப்பிடுவது? மறுநாள் ரத்துப் படிவத்தைப் போனில் அனுப்பினேன். பெரியதே இருக்கட்டும் என்று இரண்டே வார்த்தையில் பதில் வந்தது. நானும் அதோடு வாயை மூடிக்கொண்டேன். நான் ஒத்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பீர்கள்.

நேற்று நடந்ததைக் கேளுங்கள். ஓட்டிக் காட்டுகிறேன் என்று விற்பனையாளர் அந்த வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். உங்கள் அம்மா அதுவரை உங்கள் கட்சிதான். என் பிள்ளை யானை மாதிரி வண்டி வாங்கியிருக்கிறான் என்று வாசலில் நின்று பார்த்தார். வரிசைக்குள் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள் என்று மட்டும் நான் விற்பனையாளரிடம் சொன்னேன்.

இரண்டாவது மரத்தைத் தாண்டவில்லை. புகைக்குழாய் ஒரு கிளையில் மாட்டியது. விடுவிக்கிறேன் என்று பின்னால் எடுத்தார், அந்தப் பக்கம் இன்னொரு கிளை முறிந்தது. நல்ல கைத் தடிமன் கிளை. பச்சைக் காய்கள் பொலபொலவென்று கொட்டின. முள் கிழித்து அவர் சட்டைக் கை போயிற்று. அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, சார் பதினைந்து அடி என்றாரே என்றார். பாவம், அவர் முகத்தைப் பார்த்து எனக்கே ஒரு நிமிடம் சிரிப்பு வந்தது. உங்கள் அம்மா ஒரு கூடையை எடுத்து வந்தார், விழுந்த காயெல்லாம் பொறுக்கினார், கொண்டுபோய் வண்டியின் பானெட் மேல் வைத்தார். "இதையும் சேத்து பில் போடுங்க தம்பி" என்றார். இப்போது அவர் என் கட்சி. அதையும் உங்களுக்குத் தெரிவித்துவிடுகிறேன்.

பதினைந்து அடி பொய் இல்லை. தூருக்கும் தூருக்கும் பதினைந்து அடிதான். நாம் நட்டபோது கன்று முழங்கால் உயரம், நடுவில் கிரேனே போகலாம். நீங்கள் போய் ஏழு வருடம் ஆகிறது. கடைசியாக வந்து போனதே நாலு வருடத்துக்கு முன்னால். மரம் அப்படியே நிற்குமா? நீங்கள் வண்டி வாங்கியிருப்பது நீங்கள் விட்டுவிட்டுப் போன தோட்டத்துக்கு. அந்தத் தோட்டம் இப்போது இல்லை. வீடியோவில் பேசும்போது என் முகத்தைக் காட்டச் சொல்வீர்கள், பிள்ளையைக் காட்டச் சொல்வீர்கள், வரிசையைக் காட்டு என்று ஒரு நாள் சொன்னதில்லை. சரி, நானும் காட்டவில்லை. அந்தத் தப்பை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆள் வைக்கலாம் என்றீர்களே, போன வருடம் வாடகை டிராக்டர் வைத்துப் பார்த்தோம். களை முழங்காலுக்கு வந்த பிறகுதான் அவனுக்கு நேரம் கிடைத்தது. வந்தவன் சொட்டுநீர்க் குழாயைப் பதினோரு இடத்தில் அறுத்துவிட்டுப் போனான். எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பதினோரு இடத்தையும் குனிந்து ஒட்டியது நான்.

இனி எழுதப்போவதை உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. அதனால் உங்கள்மேல் மட்டும் கோபப்பட எனக்கு நியாயமில்லை என்று தெரியும். ஆனாலும் கோபம் வருகிறது.

ஐந்து வருடமாக நம் பவர் டில்லரைப் பிடித்து உழுதபடி அதன் பின்னாலேயே நடக்கிறேன். அதன் உதறல் கையைவிட்டுப் போவதே இல்லை. போன அறுவடையிலிருந்து விரல்கள் மரத்துப்போகின்றன. டம்ளர் நழுவுகிறது. சீப்பைப் பிடிக்க முடியவில்லை. நம் பெண் தானே தலை பின்னிப் பள்ளிக்கூடம் போகிறாள், பெரியவளாகிவிட்டாள் என்று நீங்கள் பெருமைப்பட்டீர்களே, காரணம் இதுதான். டாக்டரிடம் போனேன். நரம்பு நசுங்குகிறது, இனி ஒரு சீசன் கூட அதைப் பிடிக்கக் கூடாது, பிடித்தால் பிடிமானம் திரும்பி வராது என்றார். அப்படியானால் டிராக்டர்தான் வாங்க வேண்டும் என்றதும், அதை யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்டார். அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஊசி போடவே இல்லை, அதற்குள் ஏன் அழுகிறீர்கள் என்று அவர் பயந்துபோனார்.

இந்தக் கடிதத்தையே இரண்டு நாளாக விட்டு விட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது கோபத்தால் மட்டும் இல்லை.

நீங்கள் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த வெயிலில், அவ்வளவு உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் பத்து மணி நேரம் உட்கார்ந்து சம்பாதிக்கிற பணம். அதில் வாங்குவது பெரியதாக, நாலு பேர் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. வந்தால் நான் ஓட்டுவேன் என்றீர்கள். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று நாலு வருடம் ஆயிற்று. அதுவரை அந்த இருக்கையைத் துடைத்து வைத்துக்கொண்டு நான் பின்னால் நடக்க வேண்டுமா? வாருங்கள், ஓட்டுங்கள், நான் வேண்டாம் என்றா சொல்கிறேன்? சின்ன வண்டியின் இருக்கையைப் பின்னால் தள்ளினால் உங்கள் உயரத்துக்கும் வரும். அதையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

உறைக்குள் இரண்டு பொருள் வைத்திருக்கிறேன். ஒன்று அதே ரத்துப் படிவம், இந்த முறை காகிதத்தில். முன்பணம் உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் கையெழுத்து வேண்டும். அடுத்த புதன்கிழமைக்குள் படம் எடுத்து அனுப்பிவிட்டால் அந்தப் பணத்தையே சின்ன வண்டிக்கு மாற்றித் தருகிறார்கள். அந்த விற்பனையாளரே பேசி முடித்துவிட்டார். கிழிந்த சட்டையோடு அவருக்கும் புத்தி வந்துவிட்டது. புதன் தாண்டினால் பெரிய வண்டிக்குப் பில் போட்டுவிடுவார்கள், பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று ஒரு கயிறு. கன்று நட்டபோது குழிக்கு அளவு பிடித்தோமே, அந்த மஞ்சள் நைலான் கயிறு. இத்தனை வருடமும் கொட்டகையில் கிடந்தது. அன்றைக்கு ஒரு முனையில் நீங்கள், மறுமுனையில் நான். தளர விடாதே, இழு என்று நாள் முழுக்க என்னைப் பார்த்துக் கத்தினீர்கள். அந்தக் கயிற்றில்தான் இன்று காலை கிளைக்கும் கிளைக்கும் நடுவில் அளந்து வெட்டினேன். நாலே முக்கால் அடி. உங்கள் அறையில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் அதை விரித்துப் பிடித்துப் பாருங்கள். அதற்குள் ஆறு அடி அகல வண்டி எப்படிப் போகும் என்று வெல்டரிடமும் கேளுங்கள்.

அன்றைக்கு அந்தக் கயிற்றைப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. இப்போது கையை விரித்தால் நான் ஒருத்தியே இரண்டு முனையையும் பிடித்துவிடுகிறேன். இத்தனை வருடம் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கை வலிக்கிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கூண்டில் ஏறும்போது பெல்ட்டை மறக்காமல் மாட்டுங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், முழுசாகத் திரும்பி வரவேண்டும். கையெழுத்தைப் புதன்கிழமைக்குள் அனுப்புங்கள். கயிற்றை மட்டும் அனுப்ப வேண்டாம், நீங்கள் வரும்போது கையில் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓட்டப் போகிறவள்