நான்கு விரல் இடைவெளி

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம், கூடவே ஒரு படிவம். உடம்பு குறைய எனக்கு ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடுவார்கள். பதினாறு வயதுதான் என்பதால் நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா போட்டுவிட்டாள். உங்கள் இடம் காலியாக இருக்கிறது.

நீங்கள் தைத்து அனுப்பிய பிறந்தநாள் கவுன் வந்தது. நீலம் அழகு. கச்சிதமாக இருக்கிறது.

உங்கள் குண்டுமணி

மார்ச் 14

என் குண்டுமணிக்கு,

கையெழுத்துப் போட மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே கண்ணு. நீ எழுதி அனுப்பும் அளவுக்குத்தானே தைக்கிறேன்? இடுப்பு நாற்பத்திரண்டு. கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாய், அவ்வளவுதானே! இதற்குப் போய் வயிற்றில் கத்தி வைப்பார்களா? இங்கே எங்கள் தையல் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரும், "வாயைக் கட்டினா போதும்ணே, வயித்தை எதுக்கு வெட்டணும்?" என்கிறார்.

நீல கவுனோடு ஒரு போட்டோ அனுப்பு. போனில் முகத்தை மட்டும் காட்டுகிறாய். உன்னை முழுசாகப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது.

அப்பா

மார்ச் 25

அப்பாவுக்கு,

போட்டோ வராது. நான் பொய் சொல்லிவிட்டேன்.

நீங்கள் விட்டுப்போன டேப் அறுபது அங்குலம். என் இடுப்பைச் சுற்றினால் முனைகள் சேரவில்லை, நடுவே நாலு விரல் இடைவெளி. அழுதுவிட்டு நாற்பத்திரண்டு என்று எழுதினேன். நீங்கள் அனுப்பிய நாலு கவுனும் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. ஒன்றுகூடத் தோளுக்குக் கீழே இறங்கவில்லை.

எடை நூற்றைம்பத்திரண்டு கிலோ. சர்க்கரையும் வந்துவிட்டது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. ஒரு வருஷமாக வாயைக் கட்டித்தான் இருக்கிறேன். "இது உன் தப்பு இல்லம்மா, நோய். ஆபரேஷனோட முடியாது, சாப்பாட்டுக் கவனமும் சத்து மாத்திரையும் ஆயுசுக்கும் வேணும்" என்றார் டாக்டரம்மா. எனக்கும் பயம்தான். நீங்கள் பக்கத்தில் இல்லை, உங்கள் கையெழுத்தாவது இருக்கட்டும்.

குண்டுமணி

ஏப்ரல் 6

கண்ணு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆளைப் பார்த்ததுமே அளவு சொல்கிறவன், பெற்ற பிள்ளையைக் காகிதத்தில் பார்த்து ஏமாந்திருக்கிறேன். உன்மேல் கோபமில்லை. என்னிடம்கூட மறைக்கத் தோன்றியதே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.

லீவு கேட்டேன். ஆர்டர் சீசன் முடியாமல் கம்பெனியில் ஊருக்கு விடமாட்டார்களாம். இரண்டு டேப்பைச் சேர்த்துப் பிடித்து, அறுபத்து நாலுக்கு ஒரு கவுன் தைத்து அனுப்புகிறேன். ஆஸ்பத்திரிக்கு அதைப் போட்டுக்கொண்டு போ.

அப்பா

டிசம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

அந்த கவுனில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாலு வருஷத்தில் முதல்முறையாக உங்கள் தையல் என் மேல் பட்டது. கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மாதத்தில் நாற்பது கிலோ குறைந்திருக்கிறது. இரண்டு இட்லி சாப்பிட்டாலே போதும் என்றிருக்கிறது. மூச்சு இப்போது சீராக வருகிறது. டேப்பின் முனைகள் சேர்ந்து மிச்சமும் தொங்குகிறது. பீரோவிலிருக்கும் நாலும் இன்னும் பற்றவில்லை. பற்றாமலே போனாலும் போகட்டும். உங்கள் பெரிய கவுன்தான் தொளதொளவென்று ஆகிவிட்டது. அம்மா பிடித்துத் தைக்கப் பார்த்தாள், நான் விடவில்லை.

சீசன் முடிந்து அடுத்த சீசனும் வந்துவிட்டது. பிறந்தநாளுக்கு அளவு கேட்டிருக்கிறீர்கள். எழுதி அனுப்ப மாட்டேன். டேப்பைக் கதவு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். நீங்களே வந்து எடுங்கள்.

உங்கள் குண்டுமணி
(பெயரை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.)