இரண்டாம் வகுப்புக்கு ஓர் அளவு

அன்புள்ளவருக்கு,

உங்கள் அம்மாவைப் பற்றி நல்ல செய்தி. தொலைபேசியில் சொன்னால் அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

போன வருடம் கிளினிக்கில் நினைவைச் சோதிக்கும் கேள்விகளுக்கு மாமிக்கு முப்பதுக்குப் பதினேழு புள்ளி வந்ததும், மறதி நோயாக இருக்கலாம் என்றார்கள். கட்டாரிலிருந்து நீங்கள் சொன்னபடி அவரைச் சந்தைக்குத் தனியே விடவில்லை, அடுப்பையும் தொட விடவில்லை. என்னையும் பல்கலைக்கழக ஆய்வு வேலையை விடச் சொன்னீர்கள்.

நான் விடவில்லை. பகலில் என் தங்கை வந்து துணையிருந்தாள். "நீ போட்டு வா பிள்ளை, நான் அவனிட்டைச் சொல்லமாட்டன்" என்று மாமிதான் அனுப்பிவைத்தார்.

பள்ளிக்கூடம் அதிகம் போகாத, நோயில்லாத முதியவர்களிடம் அதே கேள்விகளைக் கேட்டு, அவர்களுக்கு வழமையாக எத்தனை புள்ளி வருகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. தென்மராட்சியில் மட்டும் நூற்றுப்பன்னிரண்டு வீடுகளுக்குப் போனேன். நல்ல நினைவுள்ளவர்களுக்கும் பதினாறு, பதினெட்டுத்தான் வந்தது. அந்தச் சோதனையில் மணிக்கூடு ஒன்றை முள்ளோடு வரையவும் சொல்வார்கள்; பேனை பிடித்துப் பழகாத கைக்கு அது லேசில்லை.

மாமி இரண்டாம் வகுப்போடு நின்றவர். நேற்று டொக்டர் அவரைத் திரும்பச் சோதித்தார், வீட்டு நடப்பை விசாரித்தார், எங்கள் ஆய்வின் புள்ளி அட்டவணையையும் பார்த்தார்.

"உங்களுக்கு மறதி நோய் இல்லை அம்மா. படிச்ச ஆக்களின்ரை அளவிலை உங்களை அளந்துபோட்டினம்."

"அப்ப எங்களைப் போல ஆக்களின்ரை அளவை ஆர் எடுத்தது?"

"உங்கடை மருமகளும் சேர்ந்துதான்."

வெளியே காத்திருந்த எல்லோருக்கும் மாமி அதைச் சொன்னார். பஸ் கொண்டக்டருக்கும் சொன்னார்.

இன்று காலை அவர் தனியே சந்தைக்குப் போனார். நான் வேலைக்குப் போனேன்.

அன்புடன்,
உங்கள் மனைவி