கன்னியம்மாவின் அரைநாள்

அன்புத் தோழிக்கு,

பொருளியல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ‘காற்றும் தண்ணீரும் இலவசப் பண்டங்கள், அவற்றுக்கு விலை இல்லை’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். பாடநூல்படி சரியான விடை. மதிப்பெண் போட்டுவிட்டேன், அவள்மேல் என்ன குற்றம்? ஆனால் அடுத்த தாளை எடுக்க மனம் வரவில்லை. நீ போய் ஆறு மாதமாகிறது. இருந்திருந்தால் அந்த வரிக்காக என்னோடு சண்டைக்கு வந்திருப்பாய்.

நாமும் அதையே எழுதித்தான் தேறினோம். தேறிய கையோடு இருவருக்கும் ஒரே அரசு அலுவலகத்தில் தற்காலிக வேலை. செவிலிமேட்டுப் பக்கத்துச் சாயப்பட்டறையைப் பெரிதாக்கலாமா என்று விசாரித்து அறிக்கை தர வேண்டும். எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும், எவ்வளவு பட்டு நனைக்கலாம், எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் இருந்தது.

பட்டறையிலிருந்து திரும்பும்போது நீதான் கழிவுநீர் வாய்க்காலோரமாக நடக்கத் தொடங்கினாய். அது போய்ச் சேர்ந்த இடத்தில் கூலிக்காரர்களின் குடிசைகள். நடுவில் ஒரு கிணறு. கன்னியம்மா என்ற பெண் ஒரு வாளி இறைத்து நம் முன்னால் வைத்தாள். தண்ணீர் சிவந்திருந்தது.

“இத்த மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடுதுமா. பாலாத்துல ஊத்து தோண்டி மொண்டுக்கினு வரோம். அன்னாடம் அரைநாள் கூலி போவுது.”

மறுநாள் நீயும் ஒரு குடத்தோடு குடிசைப் பெண்கள் கூடவே நடந்தாய். ஆற்று மணல் சுட்டு உள்ளங்காலில் கொப்புளம். அந்தக் காலோடு உட்கார்ந்து அறிக்கையில் தனியாக ஒரு பக்கம் எழுதினாய்: பெண்கள் இழக்கும் அரைநாளும் பட்டறையின் செலவுதான், அதைச் சுமப்பவர்கள் மட்டும் வேறு.

அதிகாரி படித்துவிட்டுச் சிரித்தார். “தண்ணிக்கு ஏதும்மா விலை? விலையில்லாதது செலவுல எப்படி வரும்?”

“பட்டறைக்குத்தான் சார் விலையில்ல. கன்னியம்மாவுக்கு இருக்குது” என்றாய்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் போட்டேன். என் சம்பளத்தை நம்பி வீட்டில் மூன்று பேர். நீ போடவில்லை. மறுநாளிலிருந்து உனக்கு வேலை இல்லை.

நீ அதோடு விடவில்லை. அந்தப் பக்கத்தையே மனுவாக எழுதி, குடிசைப் பெண்களுக்குப் படித்துக் காட்டி, அவர்களோடு தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்கினாய். பல மாதம் கழித்துத் தாசில்தார் நேரில் வந்து கிணற்றைப் பார்த்தார். பட்டறை பெரிதாகத்தான் செய்தது. ஆனால் அதற்கு முன் வாய்க்காலைத் திருப்பி, குடிசைக்காரர்களுக்கு மேட்டில் வேறு கிணறும் வெட்டித் தர வேண்டியதாயிற்று. பழைய கிணறு தெளியவேயில்லை.

உன் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கட்டிலருகே உட்கார்ந்து, “அன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாதுடி” என்றேன்.

“போட்டது போட்டதுதான். அடுத்த தடவ என்னா பண்ணப் போற? அத்த சொல்லு” என்றாய்.



அடுத்த தடவை வந்துவிட்டது. ஐயம்பேட்டையில் புதிய சாயப்பட்டறை வரப்போகிறதாம். கல்லூரி ஆசிரியை என்பதால் அதே அலுவலகத்திலிருந்து அறிக்கையை என்னிடம் கேட்டார்கள். பட்டறை வரப்போகும் இடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் சுற்றியுள்ள கிணறுகளுக்குப் போனேன். அங்கே தண்ணீர் இறைக்கும் பெண்கள் சொன்னதை முதல் பக்கமாக வைத்து நேற்று கொடுத்துவிட்டேன். அதை எடுப்பதானால் என் பெயரையும் சேர்த்து எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.