தண்ணீர்ப் பெட்டி

அக்கா,

நேற்று டிவியில் என்னைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். நாட்டு அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்தில் உன் தம்பி செய்த காரியம் அப்படி.

இந்தப் பயணத்தில் நேற்றுமுன்தினம்வரை எனக்கும் நெட்டை அண்ணனுக்கும் ஆடும் பதினொருவரில் இடமில்லை. ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவதுதான் எங்கள் வேலை. பெட்டியின் ஒரு கைப்பிடி அவருக்கு, மற்றது எனக்கு. மைதானத்தின் நடுப்பகுதி வரைக்கும் கதை பேசிக்கொண்டே போவோம்.

நேற்று எனக்கு இடம் கிடைத்தது. அவருக்கு வயது ஏறிவிட்டது, இனிமேல் எங்கே கிடைக்கப்போகிறது?

நான் ஆடிக்கொண்டிருந்தபோது பெட்டியை அவர் தனியாகத் தூக்கி வந்தார். எல்லோரும் குடித்து முடித்ததும், பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கைப்பிடியைப் பிடித்து அவரோடு நடந்துவிட்டேன்.

"டேய், எங்கடா கிளம்பிட்ட? நீ பேட் பண்ணிட்டு இருக்கடா!" என்று கேப்டன் கத்தினார். மைதானமே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. "விடு தம்பி, நான் பாத்துக்கறேன்" என்று என் விரல்களை மெதுவாக விலக்கினார்.

பழக்கதோஷம் என்றார்கள் எல்லோரும். நானும் தலையாட்டினேன்.

பேருந்தில் எப்போதும் எனக்கு இடம் பிடித்து வைப்பார். திரும்பும்போது அந்த இருக்கையில் அவர் பை இருந்தது.

நான் நன்றாக இருப்பதாக அம்மாவிடம் சொல். நீ போன் பண்ணு. ஆட்டத்தைப் பற்றி வேண்டாம். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா, மாமா வழக்கம்போல் குறட்டை விடுகிறாரா, எதுவானாலும் சொல்.

உன் தம்பி