பூண்டுலோயா ஜீப்பின் நடுக்கம்

1959 ஜூன் 3, புதன்

விடிந்ததிலிருந்து மழை. அரிசி மூட்டைகளுக்குப் படங்கு கட்டியாயிற்று.

வண்டி இன்றும் ஆடியது. பாலத்து வளைவில் ஒரு குழி. முன் சக்கரம் அதில் விழுந்ததும் தொடங்கிவிட்டது. ஸ்டியரிங் இவர் கையைப் பிடுங்கிக்கொண்டு இடமும் வலமும் வெட்டியது. எனக்குப் பல்லெல்லாம் அடித்துக்கொண்டது. வண்டி கிட்டத்தட்ட நின்ற பிறகுதான் அடங்கியது. ஓரத்தில் சுவர் இல்லை, கீழே ஆறு. பின்னால் என் மடியில் எங்கள் மகள் கமலா. ஆறு வயதுப் பிள்ளை, அழக்கூட இல்லை. என் சேலையைப் பிடித்த கையை வீடு வரும்வரை விடவில்லை.

இவர் மணிக்கட்டு வீங்கிவிட்டது. தைலம் தடவினேன்.

போன தீபாவளிக்கு அட்டன் ஏஜென்சியில் புதிதாக வாங்கிய வண்டி. கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாது. ஊருக்கே அது ஜீப்தான். தலவாக்கலை ஸ்டேஷனிலிருந்து எங்கள் கடைக்குச் சாமான், இடையில் வாடகைக்கு ஆஸ்பத்திரி ஹயர், கல்யாண ஹயர். கடையைவிட வண்டிதான் இப்போது சோறு போடுகிறது.

ஜூன் 5, வெள்ளி

நானும் வருவேன் என்று அடம்பிடித்து அட்டனுக்குப் போனேன். வழியெல்லாம் மாட்டு வண்டி வேகம்.

ஏஜென்சி மேனேஜர் கொழும்புக்காரர். வெள்ளைக் கால்சட்டை. முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டச் சொல்லிப் பார்த்தார். முற்றம் முழுக்க சிமெந்து. அங்கே எப்படி ஆடும்?

"உங்க ரோட்டு அப்படி முதலாளி. வண்டியைக் குறை சொல்லாதீங்க. கை பழகணும்."

இவர் மீசை முளைக்கும் முன்பே லொறி ஓட்டியவர். தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க ரோட்டுல ஓடத்தானே ஐயா வித்தீங்க?"

"வேற யாரும் இப்படிச் சொல்லலையேம்மா. நீங்க மட்டுந்தான்."

வரும் வழியில் வாங்கியது: நீலம், சிலேட்டுக் குச்சி, இன்னொரு தைலம்.

ஜூன் 7, ஞாயிறு

வண்டியை விற்கப்போகிறாராம்.

"அட்டன்காரன் கேக்கமாட்டான். அந்த வளைவுல இன்னொரு தடவை என்னால முடியாது."

'முடியாது' என்ற சொல்லை இவர் வாயிலிருந்து இன்றுதான் கேட்கிறேன்.

உடப்புசல்லாவையிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார். "அவரு முன்னால நீ வாயைத் திறக்காத."

ஜூன் 9, செவ்வாய்

வந்தார். பெயர் செல்லையா. இவரைவிட இளையவர். தோட்டத்துப் பிள்ளைகளை டவுன் ஸ்கூலுக்கு ஏற்றி இறக்க வண்டி தேடுகிறார். அவருடைய பிள்ளைகளும் அதிலேயே போவார்களாம். இவர் டயரைப் பேசினார், பெட்ரோலைப் பேசினார். ஆட்டத்தைப் பேசவில்லை.

தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். செல்லையா மரியாதைக்குத்தான் கேட்டார். "அக்கா சொல்லுங்க, வண்டி எப்படிங்க?"

இவர் என்னையே பார்த்தார்.

"முன் சக்கரம் ஆடும் தம்பி. ஆடினா கையில நிக்காது. எங்க பிள்ளைய நாங்க இப்ப அதுல ஏத்துறதில்ல."

செல்லையா குடிக்காமலே எழுந்து போனார். இவர் கடைப் பலகைகளை அறைந்து சாத்தினார். பட்டப்பகலில்.

ஜூன் 11, வியாழன்

பேச்சில்லை. எல்லாம் கமலா மூலம். "அப்பா, சோறு போடவான்னு அம்மா கேக்குது."

சொன்னது தப்பில்லை. ஆனால் வேற்றாள் முன்னால் இவரைத் தலைகுனிய வைத்தேன். அதுவும் மெய். இரண்டும் சேர்ந்து நெஞ்சில் கிடந்து இடிக்கின்றன.

மத்தியானம் பஸ்ஸிலிருந்து செல்லையா இறங்கினார்! கினிகத்தேனையில் அவர் மச்சானும் அதே ஏஜென்சியில் அதே வண்டி வாங்கியவராம். நான் சொன்னதைப் போய் விசாரித்திருக்கிறார்.

"மச்சானோடதும் இதே ஆட்டந்தான் அண்ணே. அவருகிட்டயும் 'நீங்க மட்டுந்தான்'னு சொல்லியிருக்கான் அந்த மேனேஜர். கொத்மலை பண்டா முதலாளி வண்டியும் அப்படியாம்."

இவர் செல்லையாவுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிறகு உள்ளே எட்டி என்னிடம், "ரெண்டு தேத்தண்ணி" என்றார்.

வெல்லம் கொஞ்சம் கூடப் போட்டேன்.

ஜூன் 15, திங்கள்

மூன்று வண்டியும் அட்டனில். எங்களுடையது, செல்லையாவின் மச்சானுடையது, பண்டா முதலாளியுடையது. ஏஜென்சி வாசலை அடைத்து நிறுத்தினோம்.

"என்ன இது, ஊர்வலமா?" என்றார் மேனேஜர். பண்டா முதலாளி சிங்களத்தில் பிடித்துக்கொண்டார். எனக்குப் பாதிதான் புரிந்தது. மேனேஜருக்கு முழுவதும் புரிந்திருக்க வேண்டும், முகம் சிவந்துபோயிற்று. ஆனாலும் மறுபடி அதே ரோட்டுக் கதை.

"அப்ப வாங்க ஐயா, ரோட்டையே பாப்போம். முன் சீட்டுல ஏறுங்க" என்றேன்.

இத்தனை பேர் பார்த்துக்கொண்டு நின்றதால் ஏறினார்.

ஓட்ட வேண்டியவர் இவர். மணிக்கட்டில் துணிக்கட்டு. முகத்தில் ரத்தமே இல்லை. நான் பின்னால் ஏறினேன்.

"நீ வேணாம்."

"ஏறியாச்சு. எடுங்க."

ஓரத்தில் கிடுகிடு பள்ளம் இல்லாத, இரு பக்கமும் மண்மேடான வீதியாகப் பார்த்துத் திருப்பினார். முதல் குழி, ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. மேனேஜர் சிரிக்கத் தொடங்கினார். அதற்கடுத்த குழியில் பிடித்துக்கொண்டது. மேனேஜரின் மூக்குக்கண்ணாடி காலடியில். இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு, "நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!"

இவர் பதறவில்லை. மெல்ல மெல்ல அடக்கி ஓரமாக நிறுத்தினார்.

"இதுலதாங்க ஐயா புள்ளத்தாச்சிங்கள ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போறேன்."

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஏஜென்சிக்கு நடந்தே திரும்பினார். மழையில்.

ஜூன் 18, வியாழன்

ஏஜென்சி கராஜின் மெக்கானிக் பாஸ் மூன்று வண்டியையும் கழற்றிப் பார்த்துவிட்டார். முன் சக்கரம் திரும்புகிற 'கிங் பின்' என்கிற ஆணியில் இறுக்கம் இல்லை. வண்டியைத் தாங்கும் வில்லுப்பட்டையைப் பிடிக்கும் புஷ் வளையமெல்லாம் லூஸ். மூன்றிலும் ஒரே கோளாறு. கப்பலில் பெட்டி பெட்டியாக வந்ததை இங்கே பூட்டியபோது செய்த பிழையாம். எல்லாம் மாற்றித் தருகிறார்கள், ஏஜென்சி செலவில்.

"மத்தவங்களுக்கு வித்த வண்டி?" என்று கேட்டேன்.

"கொண்டு வந்தா பாத்துக் குடுப்போம்மா."

"நம்ம வண்டி மட்டுந்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்கிறவங்க எப்படி ஐயா கொண்டு வருவாங்க?"

பண்டா முதலாளி அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். இவரும் உட்கார்ந்தார். நானும். மேனேஜர் கணக்கெழுதும் கிளாக்கரைக் கூப்பிட்டு, வாங்கினவர்கள் எல்லோருக்கும் ஆள் அனுப்பச் சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.

ஜூன் 24, புதன்

வெயில்! மிளகாய் காயப்போட்டேன். கமலாவுக்குத் தலை குளிப்பாட்டல்.

வண்டி வந்துவிட்டது. பாலத்து வளைவில் குழி அப்படியே இருக்கிறது. விழுந்தோம், ஒரு தூக்கு தூக்கியது, அவ்வளவுதான். நேராகப் போனது. இவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு ஏனோ அழுகை.

செல்லையா வந்திருந்தார். இப்போது வண்டியைக் கொடுத்துவிடச் சொல்லிக் கேட்டார்.

"என்னைக் கேக்காத. உங்க அக்காவைக் கேளு" என்றார் இவர்.

"விக்கிறதில்ல தம்பி. உங்களுக்கு நல்ல வண்டியா இவரே பாத்துத் தருவாரு."

பேசிக்கொண்டிருக்கும்போதே தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து ஒரு ஆள் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவர் சம்சாரத்துக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது.

இவர் சாவியை எடுத்தார். நான் பின்னால் பாயை விரித்துவிட்டு, பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தேன்.