துண்டுக்கு அடியில் காயும் உன் ஷார்ட்ஸ்

இன்று காலை எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், முதல் வேலையாக உன் ஷார்ட்ஸைத் துவைத்தேன். பீரோவின் அடித்தட்டில், நான் உடுத்தாத புடவைகளுக்குக் கீழே கிடந்தது. எடுக்கும்போது தேங்காய் எண்ணெய் வாடை அடித்தது. சீட்டில் உரசித் தொடை புண்ணாகாமல் இருக்க நீ எதையும் கடையில் வாங்க மாட்டாய், எண்ணெயைத்தான் அள்ளிப் பூசுவாய். இத்தனை நாள் கழித்தும் அந்த வாடை போகவில்லை. உள்ளே தைத்திருக்கும் பேட் தண்ணீரை உறிஞ்சிக் கைக்குக் கனத்தது. பிழிந்து, கொல்லைக் கொடியில் போட்டு, மேலே ஒரு துண்டை விரித்து மூடினேன்.

உள்பாடி, உள்பாவாடை காயப் போடும்போது செய்வதுதான். கை தானாகச் செய்தது. செய்து முடித்துக் கொடிக்கு எதிரே நின்றபோது முகம் சுட்டது. நீயே இல்லை, உன் ஷார்ட்ஸை யார் கண்ணிலிருந்து மறைக்கிறேன்? நீ இருந்திருந்தால், "மூடி வெச்சா நாத்தம் புடிக்கும்டி, வெயில் படணும்" என்று துண்டை உருவி உன் தோளில் போட்டுக்கொண்டிருப்பாய்.

நேற்று நம் சைக்கிள் குழுவில் அறிவிப்பு வந்திருக்கிறது. இந்த வருடமும் அறுநூறு கிலோமீட்டர் ஓட்டம் உண்டு. அதே நாற்பது மணி நேரம். அதே பாதை. வில்லியனூரில் கிளம்பி, பாகூர், கடலூர், சிதம்பரம் வழியாக வேதாரண்யம் தாண்டிப் போய், அதே வழியில் திரும்புவது. பெயர் கொடுக்க இந்த ஞாயிறு கடைசி நாள். உன் நினைவாக நடத்துகிறார்களாம். கொடியசைத்துத் தொடங்கி வைக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "அவங்களுக்கு உங்களவிட நெருக்கம் யாரு மேடம்?" என்று எழுதியிருந்தார்கள். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

உன்னை முதலில் பார்த்தது திருவாண்டார்கோயில் போகும் கம்பெனி பஸ் ஜன்னலில் இருந்து. நான் அக்கவுண்ட்ஸ், நீ பேக்கிங். நாங்கள் ஏசி போட்ட பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போவோம். நீ பக்கத்திலேயே கியர் சைக்கிளில் வருவாய். சிக்னலில் பஸ் நின்றால் முன்னால் போய்விடுவாய். ஒரு நாள் கேன்டீனில் வந்து என் எதிரே தட்டை வைத்தாய். "நீங்கதான தெனமும் என்னையே பாத்துக்கினு வர்றது? ஆசையா இருந்தா எறங்கி வாங்க" என்றாய். அடுத்த மாதம் 'நீங்க' போய் 'நீ'யாகி, 'வாடி போடி'யாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வில்லியனூரிலிருந்து செல்லிப்பட்டு வரை போய், ஆற்றோரம் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுத் திரும்புவோம். பிறகு விழுப்புரம், திண்டிவனம் என்று தூரம் கூடிக்கொண்டே போனது. நான் வீட்டிலிருந்து சுடிதாரில் கிளம்பி, வில்லியனூர் மாதா கோயில் பக்கத்து உன் வீட்டுக்கு வந்து, உன் அறையில் ஷார்ட்ஸ் மாற்றிக்கொள்வேன். திரும்பும்போது மறுபடி சுடிதார். உனக்கு அந்தச் சடங்கெல்லாம் கிடையாது. உன் வீட்டு வாசலிலிருந்தே ஷார்ட்ஸில் இறங்குவாய். டீக்கடைப் பையன்கள் விடமாட்டார்கள்.

"இன்னா ஆண்ட்டி, ஒலிம்பிக்ஸா?"

"ஆமாண்டா. காத்தடிக்க ஆளு வேணும், வர்றியா?"

அவர்கள் சிரிப்பார்கள், நீயும் சிரிப்பாய். நான் நாலு அடி பின்னால், உனக்குத் தெரியாதவள் மாதிரி வருவேன். இவளுக்கு வெட்கம் என்ற ஒன்றையே வைக்காமல் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பொறாமையாகவும் இருக்கும்.

அந்த அறுநூறுக்குப் பெயர் கொடுத்தபோது எனக்குப் பயமெல்லாம் தூரத்தைப் பற்றி இல்லை. பாகூர் கடைத்தெருவைப் பற்றி. அங்கேதான் என் மூத்தார், என் வீட்டுக்காரரின் அண்ணன், உரக்கடை வைத்திருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் எதிரே நான் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. யாரும் உட்காராதே என்று சொன்னதும் இல்லை. போகும்போது விடியாத இருட்டு, கவலை இல்லை. திரும்பும்போது பகலில் அந்தக் கடையைத் தாண்ட வேண்டும். அதற்காக ஷார்ட்ஸுக்கு மேல் தொளதொளவென்று ஒரு பேன்ட்டையும் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"கழட்டுடி அத. சிதம்பரம் தாண்டறதுக்குள்ள தொடை புண்ணாயிடும்."

"பரவால்ல, பழக்கம்தான்."

"இன்னா பழக்கம்? அறுநூறு கிலோமீட்டரு எத்தினி தபா போயிருக்க நீ?"

சிதம்பரத்துக்கு முன்னாலேயே புண்ணாகிவிட்டது. அதைவிடப் பெரிய மடத்தனம் ஒன்றையும் நான் செய்துகொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்காமல் ஓட்டினேன். குடித்தால் வரும், வந்தால் ரோட்டோரம் ஒதுங்க வேண்டும். கூட வரும் ஆண்கள் சைக்கிளை நிறுத்தி, திரும்பி நின்று, முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். நீ முட்செடி கண்டால் நுழைந்துவிடுவாய். நான் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு, அட்டையில் முத்திரை போடும் கன்ட்ரோலில் கழிவறை இருக்குமா என்று எண்ணிக்கொண்டே மிதித்தேன். கழுத்து தலையைத் தாங்க மறுத்தது. உள்ளங்கை மரத்துப்போய் பிஸ்கட் பாக்கெட்டைக்கூடப் பிரிக்க முடியாமல் பல்லால் கடித்தேன். ஒரு பெட்ரோல் பங்க் சிமெண்டுத் தரையில் கொஞ்ச நேரம் படுத்தபோது, எதற்கென்றே தெரியாமல் அழுதேன். நீ என் ஷூவைக் கழற்றிக் கால் விரல்களை இழுத்துவிட்டபடி, "அழு, அழு. அழுதா பாரம் கொறையும், ஏத்தத்துல ஈசியா இருக்கும்" என்றாய். கடலோரச் சாலையில் ஏற்றம் ஏதடி என்று அழுகையோடு சிரித்தேன்.

மறுநாள் வெயிலில் எனக்குத் தலை சுற்றியது. கடலூரில் நீ கத்திவிட்டாய். "ஒண்ணுக்குப் போவ வெக்கப்பட்டுக்கினு தண்ணி குடிக்காமியா வர்ற? செத்துப் போவடி!" அந்தப் பயத்தில் இரண்டு இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், குளிர்ந்த மோர் என்று காய்ந்த வயிற்றில் ஒரே மூச்சில் கவிழ்த்தேன். ஆற்றுப் பாலம் தாண்டிக் கரும்பு வயல்கள் வந்தன. பாகூருக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். வயிறு புரண்டது. பிரேக் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எழுதும்போதும் கை கூசுகிறது. நாற்பது தாண்டியவள், ஒரு கம்பெனியின் கணக்கைப் பார்ப்பவள், நடுரோட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வயிறு போய், பேன்ட் நனைந்து நிற்கிறாள். நீ திரும்பிப் பார்த்தாய். என் சைக்கிளை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்து, வரப்பில் இறக்கி, மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப் போனாய். குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவர் மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மோட்டார நிறுத்தாத. நீ மட்டும் கொஞ்சம் அந்தாண்ட போய் நில்லு."

"ஏம்மா, ஒங்க வூட்டுல பாத்ரூம் இல்லியா?"

"இருக்குதுண்ணா. அது வரைக்கும் போவ முடியல."

அவர் கரும்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். நீ என்னைத் தொட்டியில் நிறுத்திக் கழுவினாய். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். என் அம்மாகூட எனக்கு விவரம் தெரிந்தபின் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "வெக்கம் இன்னாடி வெக்கம். ஒடம்புன்னா வரும். கண்ணத் தொற, எரியறதுக்கு சோப்பா போட்டுக்கிறேன்?" என்றாய். உன் பையிலிருந்த மாற்று ஷார்ட்ஸை எடுத்து எனக்கு மாட்டிவிட்டாய். துவைத்துப் பிழிந்த என் பேன்ட்டை எடுத்துப் பார்த்தாய். சங்கிலியில் மாட்டி முழங்காலிலிருந்து கீழே கிழிந்திருந்தது.

"இத தூக்கிப் போடு. கெளம்பு, நேரம் இருக்குது. இன்னும் கொஞ்ச தூரம்தான்டி."

கால் மிதிக்கத் தயாராக இருந்தது. கழுவியதும் வயிறு லேசாகிவிட்டது, தலை தெளிந்திருந்தது. என்னால் முடிந்திருக்கும். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் இப்படி முழங்கால் தெரிய மூத்தார் கடை முன்னால் போவதா? நான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, புதுச்சேரியில் வேலையில் இருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "காரை எடுத்துக்கினு வாங்க. வரும்போது ஒரு நைட்டி கொண்டாங்க."

நீ போயிருக்கலாம். அவரவர் ஓட்டம் அவரவருக்கு, அதுதான் விதி. நீ போகவில்லை. என்னைத் தனியாக விட மாட்டேன் என்று, கார் வரும் வரை அந்தக் கொட்டகையில் கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாய். அவர் வந்ததும் நீயே முந்திக்கொண்டு, "வெயில்ல சுருண்டுட்டாண்ணா" என்றாய். நைட்டியை மாட்டிக்கொண்டு காரில் ஏறியவள், கடைத்தெரு வழியாக வேண்டாம், கன்னியக்கோயில் ரோட்டில் சுற்றிப் போகலாம் என்று சொன்னேன். காரிலும்கூட அந்தக் கடைத்தெருவைத் தாண்ட எனக்கு முகமில்லை. நீ ஜன்னலில் குனிந்து, "ஷார்ட்ஸ வெச்சிக்கோ. அறுநூறு முடிச்சிட்டுத் திருப்பிக் குடு" என்றாய்.

நீ போய்ச் சேர்ந்தபோது நேரம் முடிந்திருந்தது. கொஞ்சம்தான். ஆனாலும் முடிந்தது முடிந்ததுதான்.

மறுநாள் நீ போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். கடைத்தெருவில் என் மூத்தார், தம்பி சொல்லித் தெரிந்து, உரக்கடைக்கு வெளியே இரும்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். பக்கத்தில் ஐஸ் பெட்டியில் பன்னீர் சோடா. கையில் இரண்டு சால்வை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களையும் கூட்டி வைத்திருந்தாராம். உன்னைக் கையைக் காட்டி நிறுத்தி, "இன்னாம்மா, எங்கூட்டுப் பொண்ணு எங்க?" என்று எட்டி எட்டி ரோட்டைப் பார்த்தாராம். நீ அங்கேயும் வெயில் என்றே சொன்னாய். "ரெண்டு சால்வையும் எனக்கே போத்திட்டார்டி. ஷார்ட்ஸு, ரெண்டு சால்வ, கையில சோடா. நெனச்சிப் பாரு!"

நீ சிரித்தாய். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நான் நெடுந்தூரம் எதற்கும் வரவில்லை. கேன்டீனில் உன் எதிரே உட்கார்ந்தால் தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன். நீ ஒரு தடவைகூட அந்தத் தொட்டியைப் பற்றியோ, உனக்குக் கைநழுவிய அறுநூறைப் பற்றியோ எடுக்கவில்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னாய். அடுத்த வருடத்துக்குள் உன் வயிற்றில் கட்டி வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு மதியம், உன் தம்பி மனைவி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், உனக்கு அவசரமாக வந்தது. நான் எழுந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்பேனை எடுத்தேன். இதாவது செய்ய முடிகிறதே என்று இருந்தது. நீ போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாய்.

"நீ வேணாம். நர்ஸக் கூப்ட்டுட்டு வெளிய இரு."

"அன்னிக்கி நீ எனக்குச் செஞ்சியே."

"அது வேற. வெளிய இருடி."

நர்ஸ் போனபிறகு உள்ளே வந்தேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். திரும்பாமலே சொன்னாய். "எனக்கு வெக்கம் இல்லன்னு ஒனக்கு யார்டி சொன்னா? ஷார்ட்ஸு போட்டுக்கினு தெருமொன தாண்டுற வரைக்கும் முதுகு கூசும். ஒவ்வொரு தபாவும். மொத நாளும் அப்டிதான், கடைசி நாளும் அப்டிதான். அது போவாதுடி. கூட்டிக்கினேதான் மிதிக்கணும்."

நான் உன் காலை எடுத்து மடியில் வைத்து விரல்களை இழுத்துவிட்டேன். அதற்கு மட்டும் நீ விட்டாய்.

உன் தெருமுனை எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே நான் உனக்கு நாலு அடி பின்னால் வந்தேன். பையன்கள் கேலி செய்தார்கள், நீ பதில் சொன்னாய், உன் முதுகு எனக்கு நேர் எதிரே இருந்தது. அது கூசியதை நான் பார்க்கவே இல்லை. என் வெட்கம் ஒன்றுதான் இந்த ஊரில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இப்போது அதை நினைத்தால்தான் அந்தத் தொட்டியை நினைப்பதைவிடக் குன்றிப்போகிறேன்.

மூத்தார் இன்னும் என்னைப் பார்த்தால், "வெயில்ல ஜாக்கிரதைம்மா" என்கிறார். நான் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுகிறேன்.

இதை எழுதி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. எழுந்து போய்க் கொடியில் தொட்டுப் பார்த்தேன். துண்டு காய்ந்துவிட்டது, ஷார்ட்ஸ் இன்னும் ஈரம். துண்டை எடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். முதுகு கூசியது.

கொடியசைக்க வர மாட்டேன் என்று எழுதிவிட்டு, ஓட்டத்துக்கு என் பெயரைக் கொடுக்கப் போகிறேன். வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. இது வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டு கேட்டிலிருந்தே உன் ஷார்ட்ஸில் இறங்குவேன். வழியெல்லாம் தண்ணீர் குடிப்பேன். வந்தால் முட்செடி பார்த்து ஒதுங்குவேன். திரும்பும்போது பாகூர் கடைத்தெருவில், கையில் எவ்வளவு நேரம் மிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உரக்கடை முன்னால் சைக்கிளை நிறுத்தி, மூத்தாருக்கு எதிரே அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பன்னீர் சோடா கேட்பேன்.